மலையும் மூச்சும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரை)



இலக்கியத் தொடரில் குருதியையும் ஒட்சிசனையும் பற்றிப் பேச ஒரு தமிழாசிரியனுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். எண்ணுவது நியாயமே. என்னை இந்தப் பக்கம் இழுத்து வந்தவர், பதுளையில் என் வீட்டுக்கு இரண்டு வீதி தள்ளி வசிக்கும் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர். தோட்டப் பாடசாலையில் படித்து, தோட்டப் பாடசாலையிலேயே படிப்பித்து, அங்கேயே அதிபராகி ஓய்வு பெற்றவர். சென்ற ஆண்டு ஒருநாள் மாலையில் வந்து திண்ணையில் அமர்ந்தார்.

"தம்பி, கைலாச யாத்திரைக்குப் பேர் குடுத்திருக்கேன். அக்காவையும் கூட்டிட்டுப் போறேன். உசரத்துல நோய் வரும், மூச்சு முட்டும்னு பயமுறுத்துறாங்க. நாம மலையிலேயே பொறந்து மலையிலேயே வளந்தவங்க. நமக்கெல்லாம் அது வருமா?"

அக்கா என்று அவர் சொன்னது அவருடைய மூத்த சகோதரியை. ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். தந்தை இளமையிலேயே இறந்துவிட, அந்த அம்மாவின் பேரிலே விழுந்த சம்பளத்தில்தான் தம்பி படித்தார். ஆகவே கைலாசம் என்பது அதிபருக்கு யாத்திரை மட்டுமல்ல, கடன் தீர்ப்பதும்கூட. அவர் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. தேடப் போனதில் கிடைத்தவற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கைலாசம் என்றதும் சைவப் பிள்ளைகளாகிய நமக்கு முதலில் நினைவுக்கு வருபவர்கள் இருவர். காரைக்கால் அம்மையார் அந்த மலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்தார். திருநாவுக்கரசரோ காலால் நடந்தார். கால் தேய்ந்தபின் கையால் தவழ்ந்தார். கையும் தேய்ந்தபின் மார்பால் உந்தினார். அதுவும் இயலாதபோது உருண்டார். பெரிய புராணத்தில் சேக்கிழார் இதை ஒவ்வோர் உறுப்பாகச் சொல்லிக்கொண்டு போகும்போது, வகுப்பில் பிள்ளைகள் அசையாமல் இருப்பதைப் பல ஆண்டுகளாகக் கண்டிருக்கிறேன். அந்த இடத்தில் முனிவர் வடிவில் வந்து "மானிடரால் அடையக்கூடிய இடம் அன்று, திரும்பிப் போ" என்ற பொருளிலே சொல்பவர் யார்? இறைவனே. நாவரசர் மறுக்கிறார். இறுதியில் ஒரு தடாகத்தில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து, அங்கேயே கைலாசக் காட்சியைக் காண்கிறார். மலையேற்றத்தைப் பற்றிய நம்முடைய மிகப் பெரிய கதையில், ஏறியவரைத் திருப்பி அனுப்பியது அந்த மலைக்கு உரியவரே என்பதை நான் முன்பு அவ்வளவாகக் கவனித்ததில்லை.

இன்னொன்றும் உண்டு. சங்கப் பாடல்களில் மலை நிறைய வருகிறது. தேனும் தினையும் அருவியும் வருகின்றன. ஆனால் மலை ஏறியதால் தலை வலித்தது, வாந்தி வந்தது என்று எந்தத் தலைவனும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. காரணம் எளிது. நம்முடைய பொதியமலை ஏறத்தாழ 1,870 மீற்றர். தென்னிந்தியாவிலே மிக உயர்ந்த ஆனைமுடி 2,695 மீற்றர். தமிழ்க் குறிஞ்சி, மூச்சைப் பறிக்காத குறிஞ்சி.

நம்முடைய ஊவாவும் அப்படித்தான். பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர். எங்கள் வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கும் நமுனுகுலை 2,036. சிவனொளிபாதமலை 2,243. இலங்கையின் உச்சியாகிய பீதுருதலாகலை 2,524. மலைநோய் பொதுவாக 2,500 மீற்றருக்கு மேலேதான் மனிதரைப் பிடிக்கிறது. அதாவது, நம் நாடு முடிகிற உயரத்தில்தான் அந்த நோய் தொடங்குகிறது. மானசரோவர் ஏரி சுமார் 4,600 மீற்றரில் இருக்கிறது. கைலாசத்தை வலம் வருவோர் கடக்கவேண்டிய டோல்மா கணவாய் 5,600 மீற்றருக்கு மேல். நமுனுகுலைக்கு மேல் இன்னொரு நமுனுகுலையை வைத்தாலும் அங்கே எட்டாது.

மேலே போனால் காற்றில் ஒட்சிசன் குறைந்துவிடுகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். அதன் பங்கு குறைவதில்லை. மாத்தறைக் கடற்கரையிலும் எவரெஸ்ட் உச்சியிலும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு ஒட்சிசன்தான். குறைவது காற்றின் அமுக்கம். 5,500 மீற்றர் அளவில் அது கடற்கரையில் உள்ளதன் பாதி. எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒன்று. இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே வருகிற ஒட்சிசன் அந்த அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. உடல் முதலில் செய்வது வேகமாக மூச்சு விடுவது. பிறகு சிறுநீரகம் குருதியின் காரத்தன்மையைச் சரிசெய்கிறது. ஒட்சிசனைச் சுமக்கும் செங்குழியங்களைக் கூடுதலாக ஆக்கும்படி எலும்பு மச்சைக்குச் செய்தி போகிறது. செய்தி போவது சில மணி நேரத்தில். செங்குழியங்கள் போதிய அளவு பெருக வாரங்கள் ஆகும். இதற்கு அவகாசம் கொடுக்காமல் ஏறுகிறவருக்குத் தலைவலி, குமட்டல், பசியின்மை, உறக்கமின்மை வரும். அதையும் பொருட்படுத்தாமல் ஏறினால் மூளை வீங்கும், கால் தள்ளாடும். அல்லது சுவாசப்பையில் நீர் கோத்து, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைக்கும். அந்த நிலையில் முதல் மருந்து உடனே கீழே இறங்குவது. ஒட்சிசனும் மருந்துகளும் அதற்கு உதவிக்கு வருபவை. 3,000 மீற்றருக்கு மேல் ஒரு நாளைக்கு 500 மீற்றருக்கு அதிகமாகப் படுக்கையை உயர்த்த வேண்டாம், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வெடுங்கள் என்று மலை மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

உடல் பலசாலியா என்பதை மலை கேட்பதில்லை. 1962 ஆம் ஆண்டுப் போர்க் காலத்தில் சமவெளியிலிருந்து இமயத்துக்கு அவசரமாக ஏற்றப்பட்ட இந்தியப் படையினர் நல்ல இளைஞர்கள். அவர்களிலே பலர் இந்த நோயில் விழுந்தார்கள். அக்காலத்து மலைநோயாளிகளாகிய 1,925 படைவீரரைப் பற்றி இந்திய இராணுவ வைத்தியர்கள் 1969 இல் வெளியிட்ட கட்டுரை, உலகில் இத்துறை படிப்போர் இன்றும் புரட்டுகின்ற ஒன்று.

அதிபரின் கேள்விக்கு வருகிறேன். மலையில் பிறந்தவருக்கு மலை சலுகை தருமா? திபெத்தியருக்குத் தருகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்த உயரத்தில் வாழ்ந்து, அவர்களுடைய பரம்பரை அலகுகளே அதற்கு ஏற்றபடி அமைந்துவிட்டன என்பதை 2010 இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. நாம் யார்? திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் என்று வெயில் காய்ந்த சமவெளிகளிலிருந்து, மன்னார்க் கரையில் இறங்கிக் காடு கடந்து நடந்து வந்தவர்களின் பிள்ளைகள். வந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள்தான் ஆகின்றன. மலைநாட்டார் என்பது நம்முடைய பெயர். நம்முடைய குருதிக்கு அந்தப் பெயர் தெரியாது.

இதை அதிபரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு கருவியை எடுத்தார். கொவிட் காலத்தில் வாங்கியது. விரலில் மாட்டினால் குருதியின் ஒட்சிசன் அளவைக் காட்டுமே, அதுதான். 1974 இல் ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அயோயாகி கண்ட வழி அது. ஒட்சிசன் ஏறிய குருதி பளிச்சென்ற சிவப்பு, ஏறாத குருதி கருஞ்சிவப்பு. இரண்டு வகை ஒளியை விரலினூடே செலுத்தி, எது எவ்வளவு என்று கருவி கணக்கிடுகிறது.

"அக்காவுக்கு நேத்து மாட்டிப் பாத்தேன் தம்பி. தொண்ணூத்தெட்டு! எனக்கே தொண்ணூத்தாறுதான்."

எனக்கும் அது நல்ல செய்தியாகவே பட்டது. யாத்திரைக் குழுவினர் வைத்தியச் சான்றிதழ் கேட்டதால்தான் அந்த அம்மா அரச வைத்தியசாலைக்குப் போனார். அங்கிருந்த இளம் வைத்தியர் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் குருதிப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தாராம். ஈமோகுளோபின் 8.2 என்று வந்தது. பெண்களுக்கு 12 ஆவது இருக்க வேண்டும்.

விரலில் 98, குருதியில் 8.2. இந்த இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும்? இந்த இடத்தில்தான் நானும் அதிபரும் ஒருங்கே தடுமாறினோம். பிறகு கொழுந்து மடுவத்தை நினைத்துக்கொண்டதும் விளங்கியது. ஈமோகுளோபின் கூடை, ஒட்சிசன் கொழுந்து. விரலில் மாட்டும் கருவி, கூடைகள் எந்த அளவுக்கு நிறைந்திருக்கின்றன என்பதை மட்டுமே சொல்லும். மடுவத்துக்கு வந்த கூடைகள் எத்தனை என்பதை அது சொல்லாது. பத்துப் பேர் வரவேண்டிய மலையில் ஆறு பேர் வந்து, ஆறு கூடையும் விளிம்பு வரை நிறைந்திருந்தால் கருவிக்குத் திருப்தி. தராசுக்குத்தான் குறை தெரியும்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. 2007 மே மாதம் பிரித்தானிய மருத்துவக் குழு ஒன்று, தங்கள் குருதியைத் தாங்களே ஆராயும் நோக்கத்தோடு எவரெஸ்ட் ஏறியது. உச்சியில் குளிரும் காற்றும் விடவில்லை. ஆகவே சற்று இறங்கி 8,400 மீற்றரில், ஒட்சிசன் முகமூடிகளைக் கழற்றிவைத்து, நான்கு பேரின் தொடை நாடியிலிருந்து குருதி எடுத்தார்கள். செர்ப்பாக்கள் அதைக் கீழேயுள்ள முகாமுக்கு விரைந்து கொண்டுபோனார்கள். 2009 இல் முடிவு வெளியாயிற்று. கூடைகள் சராசரியாக நூற்றுக்கு 54 தான் நிறைந்திருந்தன. ஒருவருக்கு 34. ஒரு வைத்தியசாலைக்குள் அந்த எண்ணைக் கண்டால் தாதிமார் ஓடிவருவார்கள். ஆனால் பல வாரங்கள் உயரத்தில் பழகியதால் அவர்களுடைய ஈமோகுளோபின் சராசரி 19.3 ஆக உயர்ந்திருந்தது. கூடைகள் பாதிதான் நிறைந்தன, ஆனால் கூடைகள் ஏராளம்.

ஒரு கிராம் ஈமோகுளோபின் ஏறக்குறைய 1.34 மில்லி லீற்றர் ஒட்சிசனைச் சுமக்கும். கணக்குப் பிள்ளையின் மகன் ஒருவன் என் வகுப்பில் இருக்கிறான். அவனிடம் கொடுத்தே பெருக்கச் சொன்னேன். எவரெஸ்ட் தோளில் நின்ற அந்த வைத்தியர்களின் நூறு மில்லி லீற்றர் குருதியில் சுமார் 14 மில்லி லீற்றர் ஒட்சிசன். பதுளையில் விரல் கருவி 98 காட்டிய அந்த அம்மாவின் குருதியில் 11 கூட இல்லை.

பையன் நான் கணக்கைத் தவறாகக் கொடுத்துவிட்டதாக எண்ணி இரண்டாம் முறையும் பெருக்கினான்.

இரண்டும் ஒரே ஆபத்து என்று நான் சொல்லவில்லை. குருதியிலிருந்து ஒட்சிசனை மூளைக்கும் தசைக்கும் தள்ளிவிடுவது அதன் அமுக்கம். அந்த அம்மாவின் குருதியில் அமுக்கம் சரியாக இருக்கிறது. மலையேறிக்கோ அது கடற்கரை அளவில் நான்கில் ஒன்றாகிவிட்டது. அதனால்தான் அவர் அங்கே ஒரு நாள் தங்கினாலும் உயிருக்கு மோசம். இவர் இங்கே வருடக் கணக்கில் நடமாடுகிறார். குறையை ஈடுசெய்ய இதயம் ஓயாமல் கூடுதலாக உழைக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இப்படிப்பட்ட ஒருவரை மானசரோவருக்குக் கூட்டிப்போனால், கூடையும் குறைவு, கூடைக்குள்ளும் குறைவு. கையெழுத்து வைக்க முடியாது என்று வைத்தியர் சொன்னதன் பொருள் அதுதான்.

இத்தனை குறைந்தும் அந்த அம்மாவுக்கு ஏன் தெரியவில்லை? 1875 இல் பிரான்ஸ் நாட்டில் மூவர் 'செனித்' என்ற பலூனில் 8,000 மீற்றருக்கு மேல் போனார்கள். ஒட்சிசன் நிறைத்த பைகளைக் கொண்டுதான் போனார்கள். ஆனால் எடுக்க வேண்டும் என்று தோன்றியபோது கை எழவில்லை. இருவர் இறந்தார்கள். பிழைத்து வந்த திசாந்தியே, வலியோ பயமோ இல்லை, ஒருவித மகிழ்ச்சிதான் இருந்தது என்ற விதமாக எழுதியிருக்கிறார். ஒட்சிசன் குறைவு தன்னைத் தானே மறைத்துக்கொள்ளும். அவர்களுக்கு அது சில மணி நேரத்தில் நடந்தது. கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்கு இருபது முப்பது ஆண்டுகளில் நடக்கிறது. "ஏறினா மூச்சு வாங்குது சார், வயசாச்சுல்ல" என்றுதான் அந்த அம்மா என்னிடமும் சொன்னார். நாற்பது வயதிலும் அப்படித்தான் சொன்னாராம்.

மூச்சு வாங்குகிறது. நல்ல தமிழ்ச் சொல்தான். விலை கொடுத்து வாங்குவது போலத்தான் அவர்கள் அந்த மூச்சை வாங்குகிறார்கள்.

மலைநாட்டில் இந்தக் குருதிச்சோகைக்கு வேர்கள் பல. அடுத்தடுத்த பேறுகாலம், ரொட்டியும் சம்பலுமாகக் கழியும் பகல் உணவு, வெறுங்காலோடு மலையில் நின்றவரின் உள்ளங்கால் வழியே புகுந்து குடலிலே குருதி குடிக்கும் கொழுக்கிப்புழு. 1916 ஆம் ஆண்டிலேயே ரொக்பெல்லர் அமைப்பு இந்தப் புழுவை ஒழிக்க இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தது. தொழிலாளியின் உழைப்பு குறைகிறதே என்ற கவலையும் அதில் இருந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. இன்னொரு வேரைச் சொன்னால் நம்மவர்கள் கோபிக்கக்கூடும். சாப்பாட்டோடு குடிக்கும் சாயத் தண்ணி, உணவில் இருக்கிற கொஞ்ச இரும்புச் சத்தையும் குருதியில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. நாம் பறித்த இலைதான். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும், விட வேண்டியதில்லை. இரும்புக் குளிசையைத் தாமாக வாங்கி விழுங்கவும் கூடாது. ஊவாவில் தலசீமியா உள்ள குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களுக்கு அது தீங்காகலாம். காரணத்தை வைத்தியர் கண்ட பிறகே மருந்து.

கொழும்பில் உள்ளவர்கள் அறிய வேண்டிய ஒரு விடயமும் இருக்கிறது. உயரத்தில் வாழ்கிறவருக்கு ஈமோகுளோபின் சற்றுக் கூடுதலாகவே இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2024 இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி 500 மீற்றரிலிருந்தே இந்தத் திருத்தம் தொடங்குகிறது. 1,500 மீற்றருக்கு மேலே உள்ள தோட்டங்களில் அது ஏறக்குறைய ஒரு கிராம். ஆகவே 12 என்ற எண், கொள்ளுப்பிட்டியில் ஒரு பெண்ணுக்குச் சுகம். அதே எண் ஹப்புத்தளைக்கு மேலே ஒரு பெண்ணுக்குச் சோகை. மலைநாட்டார் மலைநோயிலிருந்து தப்பியவர்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தோமே, நம்மிடம் மலை கேட்பது அந்த ஒரு கிராமைத்தான்.

தமிழாசிரியனாக எனக்கு வெட்கம் தந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். பசலை என்று ஒரு சொல்லை ஆண்டுதோறும் படிப்பிக்கிறேன். தலைவனைப் பிரிந்த தலைவியின் மேனி நிறம் வெளிறுவது. வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். அதை விளக்கிக்கொண்டிருந்த ஒருநாள், அந்த வைத்தியர் கீழிமையை இழுத்துப் பார்த்தது நினைவுக்கு வந்து, முன்வரிசையில் இருந்த பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தேன். காலையில் மூன்று கிலோ மீற்றர் ஏறி இறங்கி வருகிற பிள்ளைகள். பத்தாம் வகுப்பில் தூங்கி விழுகிறாள் என்று நான் கண்டித்த ஒரு பிள்ளை. அவள் யாரையும் பிரிந்திருக்கவில்லை.

நம் நாட்டவர் எவரெஸ்ட் ஏறிய கதையை அந்த வகுப்பில்தான் சொன்னேன். 2016 மே 21 ஆந் திகதி ஜயந்தி குரு உதும்பால உச்சியில் நின்றார். இலங்கையரில் முதலாமவர், பெண். கூடச் சென்ற யொஹான் பீரிஸ் 8,400 மீற்றர் வரை ஏறி, ஒட்சிசன் போதாத நிலையில், உச்சி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் திரும்பினார். அந்த வைத்தியர்கள் குருதி எடுத்த அதே உயரம். பிள்ளைகளுக்கு ஜயந்தியைப் பிடித்தது. எனக்குப் பீரிஸ் திரும்பிய அந்த நிமிடம் பிடித்தது. அவர் 2018 மே மாதம் மீண்டும் போய் ஏறினார்.

அதிபரும் திரும்பினார். கட்டிய முற்பணத்தில் ஒரு பங்கு போயிற்று. அக்காவின் மலத்தைப் பரிசோதித்ததில் புழு இருந்தது. மருந்தும் இரும்புக் குளிசையும் தொடங்கி, சாயத் தண்ணி சோற்றுத் தட்டைவிட்டு எட்டப் போயிற்று. ஐந்து மாதத்தில் 11.6.

"கைலாசம் வேணாம் தம்பி, கோணேசரைப் பாத்துட்டு வருவோம்" என்று அந்த அம்மாதான் சொன்னாராம். தென்கயிலை என்று பெயர் பெற்றது அல்லவா? கடலுக்கு மேலே ஒரு பாறை. பதுளையிலிருந்து பஸ்ஸில் போய், வெயில் ஏறுவதற்கு முன் சுவாமி மலையில் நடக்கத் தொடங்கினார்கள். அதிபர் வயிறு பருத்தவர். பாதி வழியில் நின்று வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முன்னே போன அக்கா திரும்பிப் பார்த்துச் சொன்னதை அவரே என்னிடம் நடித்துக் காட்டினார்.

"என்னடா தம்பி நிக்கிற? மூச்சு வாங்குதா?"